பணம் நிற்கும் நாளிலிருந்து படியுங்கள்

கேள்வி: மேடம், நான் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். சட்டம் படித்திருக்கிறேன், மனித உரிமைச் சட்டத்தில் பழக்கம் இல்லை. குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கான மூன்று பழைய உதவித் திட்டங்களை ஒன்றாக்கி ஒரு மசோதா வருகிறது. 38 பிரிவுகள், 2 அட்டவணைகள். ‘இது நமது மனித உரிமைக் கடமைகளுக்கு இசைவானது’ என்று அமைச்சகம் ஒரு பக்க அறிக்கையும் இணைத்திருக்கிறது. 1966-ம் ஆண்டின் இரண்டு உடன்படிக்கைகளிலும் (ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கு, மற்றது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு) குழந்தை உரிமை உடன்படிக்கையிலும் எங்கள் நாடு சேர்ந்திருக்கிறது. மசோதா அவற்றுக்குப் பொருந்துகிறதா என்று பத்து நாளில் குறிப்பு எழுதித் தரச் சொல்கிறார் எங்கள் உறுப்பினர். 5 ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, நேர்காணலுக்கு வராவிட்டால் பணத்தை நிறுத்துவது, தகுதியைக் கணினியே முடிவு செய்வது, இந்த மூன்றும் எனக்கு உறுத்துகின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது? ‘நிதி இல்லை’ என்று கையை விரித்தால் என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

முகப்புரையிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கண்ணியம், சமத்துவம், யாரையும் கைவிடாமை எல்லாம் எந்த நலத்திட்ட மசோதாவின் முகப்புரையிலும் இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் அதில் மயங்கியிருக்கிறேன். முதியோர் உதவி மசோதா ஒன்றைப் பார்த்துவிட்டு ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். பிரிவுகள் ஒவ்வொன்றும் அவ்வளவு ஒழுங்காக இருந்தன. அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் ‘குடும்ப வருமானம்’ என்பதற்கு ஒரு விளக்கம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கும் எல்லோருடைய வருமானமும் அதில் சேருமாம். அதாவது, மகன் வீட்டில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு ஒரு காசும் கிடைக்காது. இன்னொருவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து நான் மசோதாக்களைப் பின்னாலிருந்துதான் படிக்கிறேன்.

பென்சிலை எடுத்துக்கொண்டு ‘நிறுத்தி வைத்தல்’, ‘ரத்து’, ‘பிடித்தம்’, ‘திரும்ப வசூலித்தல்’ என்று வரும் இடங்களையெல்லாம் முதலில் வட்டமிடுங்கள். பணம் கொடுக்கும் பிரிவில் உரிமை மீறல் அனேகமாக இருக்காது. பணம் நிற்கும் பிரிவில்தான் அது குடியிருக்கும். உங்கள் மசோதாவில் அது 17-வது பிரிவு. நீங்கள் நகலெடுத்து அனுப்பியதை அப்படியே தருகிறேன்:

‘பயனாளி ஒருவர் தொடர்ந்து இரண்டு நேர்காணல்களுக்கு வரத் தவறினால், அவருடைய உதவித்தொகையை உரிய அதிகாரி நிறுத்தி வைக்கலாம்.’

பார்ப்பதற்குச் சாது. இப்போது ஒரு மாதக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை மறுபடி படியுங்கள். இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஒரு தாய். 1-ம் தேதி பணம் வரவில்லை. வங்கியில்தான் தாமதம் என்று நினைக்கிறார். 6-ம் தேதி அலுவலகம் போகிறார். ‘கடிதம் அனுப்பியாச்சே’ என்கிறார்கள். அந்தக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், சுற்றி, 11-ம் தேதி கைக்கு வருகிறது. இரண்டாவது நேர்காணல் நடந்த அன்று சின்னவனுக்குக் காய்ச்சல், அவர் மருத்துவமனையில் இருந்தார். 20-ம் தேதி மேல்முறையீடு கொடுக்கிறார். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று 22-வது பிரிவு அவருக்குக் கெடு வைக்கிறது. அதை எத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்று அதிகாரிக்கு ஒரு கெடுவும் இல்லை. அடுத்த 1-ம் தேதி வருகிறது. அதற்கடுத்த 1-ம் தேதியும் வருகிறது. கடைசியில் அவர் ஜெயிக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நின்றுபோன மாதங்களின் நிலுவை கிடைக்குமா? மசோதா வாயே திறக்கவில்லை.

இந்தக் காலண்டரை வரைந்துவிட்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. மீதிப் பாதி, ஒவ்வொரு தேதிக்கும் நேரே எந்த உரிமை அடிபடுகிறது என்று எழுதுவது. சமூகப் பாதுகாப்புக்கான உரிமை பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 9-வது பிரிவில் இருக்கிறது. போதுமான வாழ்க்கைத் தரம், அதாவது உணவு, உடை, இருப்பிடம், 11-ல் வருகிறது. 9-வது பிரிவு ஒற்றை வாக்கியம், அதை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது. அதற்கு விரிவுரை போல, உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2007-ல் ஏற்றுக்கொண்ட 19-வது பொதுக் கருத்துரை இருக்கிறது. உங்கள் மேசையில் பத்து நாளும் திறந்தே கிடக்க வேண்டிய ஆவணம் அது. உதவியை நிறுத்துவதற்கும் குறைப்பதற்கும் காரணம் நியாயமானதாக இருக்க வேண்டும், அது சட்டத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும், பாதிக்கப்படுபவருக்கு முன்கூட்டியே தெரிவித்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும், முறையிட வழி வேண்டும் என்று அது சொல்கிறது. மேல்முறையீட்டு உரிமை இதைவிடப் பழையது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952-ம் ஆண்டு 102-வது உடன்படிக்கையின் 70-வது பிரிவிலேயே அது வந்துவிட்டது. அதற்கு முந்தைய 69-வது பிரிவு, எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் உதவியை நிறுத்தலாம் என்று ஒரு பட்டியலே தருகிறது. உங்கள் நாடு அதில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தைத் தொட்ட இடங்களில் இரண்டு உங்களுக்கு உதவும். 1970-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வேறு வழியில்லாதவருக்கு வரும் நல உதவியை நிறுத்துவதாக இருந்தால் விசாரணை முன்னால் நடக்க வேண்டும் என்றது. பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்பது செல்லாது, ஏனென்றால் அதுவரை அவர் எதை வைத்துச் சாப்பிடுவார்? வேடிக்கை என்னவென்றால், சமூக உரிமைகளுக்கான உடன்படிக்கையை அமெரிக்கா இன்றுவரை உறுதி செய்யவில்லை. கையெழுத்துப் போட்டதோடு சரி. மற்றது ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 நவம்பரில் தந்த தீர்ப்பு. வேலை தேடும் கடமையைச் செய்யாதவரின் அடிப்படை உதவித்தொகையில் 30 சதவீதம் வரை குறைக்கலாம், அதிலும் கடும் கஷ்டத்தில் இருப்பவருக்கு விலக்கு வேண்டும் என்றது. 60 சதவீதக் குறைப்பும் முழு நிறுத்தமும் செல்லாது. மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான், நடுவில் அவர் திருந்தி வந்தாலும் பணம் கிடையாது என்ற விறைப்பும் செல்லாது.

இந்தத் தீர்ப்பை நான் விரும்பி மேற்கோள் காட்டக் காரணம் உண்டு. நிபந்தனையே கூடாது என்று அது சொல்லவில்லை. உங்கள் குறிப்பும் அப்படிச் சொல்ல வேண்டாம். நேர்காணலுக்கு வரச் சொல்வது உரிமை மீறல் என்று எழுதினால், மசோதாவைப் பரிசீலிக்கும் நாடாளுமன்றக் குழுவில் இருப்பவர்கள் முதல் பக்கத்திலேயே காகிதத்தை மூடிவிடுவார்கள். அதற்குப் பதில் மாற்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 17-ஐ நான் இப்படித் திருத்துவேன்:

‘பயனாளி ஒருவர் தக்க காரணமின்றித் தொடர்ந்து இரண்டு நேர்காணல்களுக்கு வரத் தவறினால், உரிய அதிகாரி அவருக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, அது அவர் கைக்குச் சேர்ந்ததிலிருந்து 21 நாட்கள் அவகாசம் தந்து, அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகு, அட்டவணையில் கண்ட அளவுக்கு மேற்படாமல் உதவித்தொகையைக் குறைக்கலாம். குழந்தைகளுக்கான பங்கைக் குறைக்கக் கூடாது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை குறைப்பு நடைமுறைக்கு வராது. பயனாளி நேர்காணலுக்கு வந்ததும் முழுத் தொகையும் மீண்டும் வழங்கப்பட வேண்டும்.’

நீளம்தான். ஆனால் இதில் எந்த வார்த்தையை அமைச்சகம் வெட்டச் சொல்கிறதோ, அதற்குக் காரணம் சொல்லும் பொறுப்பும் அமைச்சகத்துக்குப் போய்விடும். ‘குழந்தைகளுக்கான பங்கு’ என்ற வரியை விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தை உரிமை உடன்படிக்கையின் 26-வது பிரிவு சமூகப் பாதுகாப்பைக் குழந்தையின் சொந்த உரிமையாகத் தருகிறது. பெற்றோரின் நிலைக்காகவோ செயலுக்காகவோ பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்று 2-வது பிரிவில் இருக்கிறது. அம்மா வராததற்குப் பிள்ளையின் பாலை நிறுத்துவது எந்தக் கணக்கில் சேரும் என்று நேரடியாகவே கேளுங்கள்.

அப்புறம் இந்த ‘லாம்’. மசோதா முழுவதிலும் ‘லாம்’ எத்தனை, ‘வேண்டும்’ எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவை யார் பக்கம் விழுகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பயனாளி விண்ணப்பிக்க வேண்டும், ஆஜராக வேண்டும், தெரிவிக்க வேண்டும். அதிகாரி வழங்கலாம், தளர்த்தலாம், நீட்டிக்கலாம். எல்லாம் இப்படி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்தச் சட்டம் உரிமை எதையும் தரவில்லை, சலுகைதான் தருகிறது. ‘வழங்கலாம்’ என்பதை வைத்துக்கொண்டு யாரும் நீதிமன்றப் படியேற முடியாது. விதிகள் வகுக்கும் அதிகாரம் தரும் 34-வது பிரிவையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். தகுதி, தொகை, தண்டனை மூன்றையும் விதிகளுக்கு விட்டிருந்தால், நாடாளுமன்றம் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறது என்று அர்த்தம்.

5 ஆண்டு வசிப்பு நிபந்தனைக்கு வருவோம். எல்லோருக்கும் ஒரே விதி, இதில் பாகுபாடு எங்கே என்பார்கள். விதி ஒன்றாக இருந்தாலும் அடி யார் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அகதிகள், புலம்பெயர்ந்து வந்தவர்கள், வெளிநாட்டில் பல காலம் வேலை செய்து இப்போது கைக்குழந்தையோடு திரும்பியிருக்கும் சொந்தக் குடிமக்கள், எல்லோரும் இதில் மாட்டுவார்கள். தென் ஆப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2004-ல், நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி பெற்றவர்களை சமூக உதவித்தொகையிலிருந்து ஒதுக்கியது செல்லாது என்றது. அங்கேயும் அரசு செலவைத்தான் காட்டியது. ஒட்டுமொத்தச் செலவில் இவர்களால் கூடுவது சிறு பங்கு என்பதைக் கணக்குப் பார்த்த பிறகே நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. நீங்களும் அந்தக் கணக்கைக் கேளுங்கள்: 5 ஆண்டு நிபந்தனையால் மிச்சமாவது எவ்வளவு? 1 ஆண்டாக இருந்தால் எவ்வளவு? ஏன் 5? பல மசோதாக்களில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதிலே இருக்காது, பழைய சட்டத்திலிருந்து பார்த்து எழுதியிருப்பார்கள்.

பாகுபாட்டைப் பற்றி எழுதும்போது குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 26-வது பிரிவையும் விட்டுவிடாதீர்கள். நலச் சட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சட்டம் படித்தவர்களே கேட்பதுண்டு. 1987-ல், அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு அதற்குப் பதில் சொல்லிவிட்டது. நெதர்லாந்தின் பழைய வேலையில்லாதோர் உதவிச் சட்டத்தில், திருமணமான பெண் தான்தான் குடும்பத்தின் சம்பாத்தியக்காரர் என்று நிரூபித்தால்தான் பணம். திருமணமான ஆணுக்கு அந்தச் சோதனை கிடையாது. சமூகப் பாதுகாப்புச் சட்டம் போட்டே ஆக வேண்டும் என்று 26 சொல்லவில்லை, ஆனால் போட்டுவிட்டால் அதில் பாகுபாடு இருக்கக் கூடாது என்றது குழு.

விலக்குப் பட்டியலையும் இதே கண்ணால் பாருங்கள். பிரிட்டனில் அரசு வாடகை உதவி பெறுபவரிடம் கூடுதல் படுக்கையறை இருந்தால் உதவியைக் குறைக்கும் விதி வந்தது. உடல் ஊனத்தால் இன்னொருவரோடு அறையைப் பகிர முடியாத குழந்தைக்கு விலக்கு உண்டு, அதே நிலையில் இருக்கும் மனைவிக்கு இல்லை. இரவில் உதவியாளர் தங்க வேண்டிய பெரியவருக்கு விலக்கு உண்டு, குழந்தைக்கு இல்லை. இந்த இரண்டு வித்தியாசத்துக்கும் நியாயமான காரணமே இல்லை என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பட்டியல் போட்டவர் கண்ணுக்கு அந்தக் குடும்பங்கள் படவில்லை, அவ்வளவுதான். ஆனால் பணம் குறைந்தது குறைந்ததுதானே.

கணினியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மசோதாவில் அதற்கு இருப்பது ஒரே ஒரு வரி. அதுவே பிரச்சினை. நெதர்லாந்தில் நல உதவி மோசடியைக் கணிக்கப் பல துறைகளின் தரவுகளை இணைத்து ஓடிய மென்பொருளை ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் நிறுத்தியது. அது எப்படி முடிவெடுக்கிறது என்பதை யாராலும் சரிபார்க்க முடியவில்லை, தனி வாழ்வுக்கான உரிமையோடு அது பொருந்தவில்லை என்றது. ஆஸ்திரேலியாவில் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரக் கணக்காகச் சராசரி போட்டு, இல்லாத கடனுக்கெல்லாம் தானியங்கி நோட்டீஸ் போனது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பாரத்தை ஏழைகள் தலையில் வைத்தார்கள். 2023-ல் அரச விசாரணை ஆணையம் அதைக் கிழித்துத் தோரணம் கட்டியது. கவனியுங்கள், 2011-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மசோதாவுக்கும் மனித உரிமை இசைவு அறிக்கை கட்டாயம் என்று இருக்கும் நாடு அது. மசோதாவாக வராமல் நிர்வாக நடைமுறையாக வந்ததால் அந்தச் சல்லடையில் அது சிக்கவே இல்லை. உங்கள் மசோதாவின் அந்த ஒரு வரிக்குப் பதிலாக மூன்று விஷயம் கேளுங்கள்: முடிவுக்கான காரணம் மனிதருக்குப் புரியும்படி எழுத்தில் வர வேண்டும், கேட்டால் ஒரு அதிகாரி மறுபடி பார்க்க வேண்டும், விரல்ரேகையோ இணைப்போ வேலை செய்யாத அன்று பணம் நிற்கக் கூடாது. உடலுழைப்பில் தேய்ந்த விரல்களை இயந்திரம் அடையாளம் காணாமல் போவது எங்கும் நடப்பதுதான்.

சரி, ‘நிதி இல்லை’. இந்தப் பதிலுக்குப் பயப்படாதீர்கள், அதற்குப் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையிலேயே இடம் இருக்கிறது. இருக்கும் வளங்களை முடிந்த அளவு பயன்படுத்தி, படிப்படியாக முன்னேற வேண்டும் என்பதுதான் 2-வது பிரிவு. எல்லாவற்றையும் நாளைக்கே செய் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் படிப்படியாக என்றால் மேலே ஏறும் படி. தெரிந்தே கீழே இறங்குவதாக இருந்தால் அதற்குக் காரணம் காட்ட வேண்டியது அரசு. 1990-ல் வந்த 3-வது பொதுக் கருத்துரை இதைச் சொல்லிவிட்டது. 19-வது கருத்துரையின் 42-வது பத்தி அதற்கான கேள்விகளையே கையில் கொடுக்கிறது. மாற்று வழிகளைப் பார்த்தார்களா, பாதிக்கப்படுபவர்களை உண்மையில் கலந்து பேசினார்களா, யாருக்காவது குறைந்தபட்ச அளவே கிடைக்காமல் போகிறதா, தேசிய அளவில் சுயேச்சையாக யாராவது பரிசீலித்தார்களா. இவற்றை அப்படியே எடுத்து அமைச்சகத்துக்குக் கேள்வியாக அனுப்பலாம்.

மூன்று திட்டங்களை ஒன்றாக்குவது நிர்வாக எளிமைக்காக என்பார்கள். இருக்கலாம். நீங்கள் நாலைந்து மாதிரிக் குடும்பங்களை எடுத்து, பழைய மூன்றிலும் சேர்த்து எவ்வளவு வந்தது, புதியதில் எவ்வளவு வரும் என்று ஒரு கட்டம் போடுங்கள். ஊனமுள்ள குழந்தை இருக்கும் வீடு ஒன்று அதில் கட்டாயம் இருக்கட்டும், பெரும்பாலும் கூடுதல் தொகை காணாமல் போவது அங்கேதான். தொகை எப்படி வந்தது என்றும் கேளுங்கள். ஜெர்மனியில் 2010 பிப்ரவரியில் அதே அரசியலமைப்பு நீதிமன்றம், உதவித்தொகை கண்கூடாகப் போதாது என்று சொல்லவில்லை. கணக்கிட்ட முறை செல்லாது என்றது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெரியவர் தொகையில் 60 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். குழந்தை என்பது சின்ன அளவுப் பெரியவர் இல்லையே, பள்ளிச் செலவு, வளர வளர மாற்ற வேண்டிய உடுப்பு எல்லாம் எந்தக் கணக்கில் வந்தன என்று கேட்டது. ‘தொகை போதாது’ என்று சொன்னால் விவாதம் முடிவே இல்லாமல் போகும். ‘தொகை எப்படி வந்தது, கணக்கைக் காட்டுங்கள்’ என்று கேட்டால், பதில் இல்லாதது அவையிலேயே தெரிந்துவிடும்.

அமைச்சகத்தின் அந்த ஒரு பக்க அறிக்கையை மறுத்து எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். அதில் இல்லாததை மட்டும் சொல்லுங்கள். பிரிட்டனின் 1998-ம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் தரும் இசைவு அறிக்கையும் பல நேரம் ஒற்றை வாக்கியம்தான். ஒரு உரிமையைக் கட்டுப்படுத்துகிறோம் என்று ஒப்புக்கொண்டு, நோக்கம் என்ன, இந்த வழி அந்த நோக்கத்தை எட்டுமா, இதைவிடக் குறைவாகக் காயப்படுத்தும் வழி இருந்ததா, கிடைக்கும் நன்மைக்கு இந்தக் காயம் தகுமா என்று நாலும் எழுதியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. ‘நிர்வாக வசதி’ மட்டும் நோக்கமாக இருந்தால் முதல் கேள்வியிலேயே தடுக்கிவிடும்.

உங்கள் குறிப்பு மூன்று பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் அந்தக் காலண்டர், இரண்டாவதில் திருத்த வாசகங்கள், மூன்றாவதில் அமைச்சகத்துக்கான கேள்விகள். தீர்ப்புகளெல்லாம் ஒவ்வொரு வரி போதும். பத்தாவது நாள் வரை வைத்திருக்காமல் ஏழாவது நாளே கொடுத்துவிடுங்கள். திருத்தங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கவும் கெடு உண்டு, அது எந்தத் தேதி என்று அவைச் செயலகத்தில் இன்றே கேட்டுவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மசோதாவில் இரண்டு அட்டவணைகள் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அனுப்பியதில் ஒன்றுதான் இருக்கிறது. ‘குடும்பம்’, ‘வருமானம்’ இரண்டுக்கும் விளக்கம் பிரிவுகளில் எங்கும் காணோம். அப்படியானால் அது இரண்டாவது அட்டவணையில் இருக்கலாம், அடிக்குறிப்போடு. அதைத் தேடி எடுத்து எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.